இப்றாஹிம் போடியாரின் முதலாவது மௌத்து

சீனிமுகம்மது 1960ஆம் ஆண்டு கல்முனைக்குடியில் பிறந்தார். எட்டாம் வகுப்புவரை படித்தார். பதினாறு வயதில் லொத்தர் சீட்டு விற்கும் வண்டியில் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். பிறகு சர்க்கஸ், அரிசி ஆலைத் திறப்பு விழாக்கள், எல்லாக் கட்சிகளினதும் தேர்தல் கூட்டங்கள். 1988ஆம் ஆண்டிலிருந்து மௌத்து அறிவித்தல் அவருடைய தொழில். ஊரில் ஒருவர் இறந்தால், அவர் யாருடைய கணவர், யாருடைய தகப்பன், யாருடைய மாமனார், எந்தத் தொழுகைக்குப் பின் எந்த மையவாடியில் அடக்கம் என்பதை முச்சக்கரவண்டியில் இருந்து தெருத்தெருவாகச் சொல்லிப் போவது. மனைவி ஆயிஷா உம்மா. ஒரே மகள் றுக்ஸானா. மகளின் கலியாணம் 2020இல் நடந்தது. ஊர் வழக்கப்படி வீடு மகளுக்கு எழுதப்பட்டது. மருமகன் அந்த வீட்டுக்கு வந்தார். பெற்றோர் அதே வளவின் பின்பக்கம் இருந்த இரண்டு அறைகளுக்குப் போனார்கள். மருமகன் றிம்சான் பாலமுனையைச் சேர்ந்தவர். கட்டாரில் ஒரு தொலைபேசிக் கடையில் மூன்று வருடம் வேலை செய்து திரும்பியவர்.

இவ்வளவும் உண்மைகள். இனி வருவதில் அபிப்பிராயம் கலந்திருக்கிறது.

சீனிமுகம்மதுவின் குரல் கனமானது. அந்தக் குரலில் ஒரு கோழி செத்த செய்தியைச் சொன்னாலும் கேட்பவர்கள் கடையின் பாதிக் கதவை இழுத்து மூடுவார்கள் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வதை அவர் மறுத்ததில்லை. அறிவித்தலில் அவர் வெறும் பெயர் சொல்வதில்லை, உறவு சொல்வார். மனைவி, பிள்ளைகள், மருமக்கள், உடன்பிறந்தார், சம்பந்திகள் என்று அந்த வரிசைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கு பிசகினால் ஜனாஸா வீட்டில் அழுகை நின்று வழக்குத் தொடங்கிவிடும். ஒரு சம்பந்தியின் பெயர் விடுபட்டதற்காக இரண்டு குடும்பங்கள் நோன்புப் பெருநாளில்கூட ஸலாம் சொல்லிக்கொள்ளாமல் ஒன்பது வருடம் இருந்த கதை மாவடிப்பள்ளியில் உண்டு. அப்படி ஒரு பிசகு தன்னால் ஒருநாளும் நடந்ததில்லை என்பது சீனிமுகம்மதுவின் பெருமை. சுனாமி வந்த வாரத்தில் மட்டும் அவர் ஒலிவாங்கியைத் தொடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மற்றெல்லா வாரங்களையும் பற்றி அவர் நிறையச் சொல்வார்.

அவருக்கு இன்னொரு பெருமை இருந்தது. மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை. மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை என்ற வழக்கம் அந்தப் பக்கத்துப் பல வீடுகளில் இருந்தது. இப்போது தேய்ந்தும் விட்டது. சீனிமுகம்மது அதைத் தேயவிடாமல் காத்ததோடு, மாமனுக்கும் சேர்த்து நீட்டிவிட்டார். தன் வாப்பா அவருடைய மச்சானோடு இருபத்தெட்டு வருடம் ஒரு சொல் பேசாமல் ஒரே வளவில் வாழ்ந்தார் என்பதை ஒரு பட்டத்தைப் போலச் சொல்லுவார். ஆகவே றிம்சான் அந்த வீட்டில் காலடி வைத்த நாளிலிருந்து, மாமனார் சொல்ல வேண்டியது எல்லாம் றுக்ஸானாவிடம் சொல்லப்பட்டது. மருமகன் சொல்ல வேண்டியதும் றுக்ஸானாவிடம் சொல்லப்பட்டது. மூவரும் ஒரே அறையில் நிற்கும்போதும் இதுதான் ஏற்பாடு.

"மகள், மழை வரும் போல இரிக்கி, மருமகன்ட சேட்டு கொடியில கிடக்கு எண்டு சொல்லு."

"எனக்குக் காது கேக்குது எண்டு மாமாக்கிட்டச் சொல்லு, றுக்ஸா."

றுக்ஸானா ஆரம்பத்தில் இதைச் சிரித்துக்கொண்டு செய்தாள்.

2022ஆம் ஆண்டு பெற்றோல் வரிசை வந்தது. சீனிமுகம்மதுவின் முச்சக்கரவண்டி வரிசையில் நின்றபோது ஊரில் இரண்டு பேர் மௌத்தானார்கள். வண்டி வரிசையை விட்டு நகர முடியவில்லை. அந்த இரண்டு மௌத்தையும் பக்கத்துத் தெரு மிஹ்லார் என்ற இளைஞன் தன் முகநூல் பக்கத்தில் அறிவித்துவிட்டான். அவனுக்கு உறவு வரிசை ஒரு பொருட்டல்ல; பெயர், வயது, ஒரு ரோஜாப் பூப் படம், அவ்வளவுதான். ஆனால் ஊர் முழுக்கப் பார்த்தது. அடுத்த மாதம் பள்ளிவாசல் நிர்வாக சபையில் ஒருவர் எழுந்து, "கைக்குள்ள போன் இரிக்கக்குள்ள இன்னும் என்னத்துக்கு ஆட்டோவும் ஸ்பீக்கரும்?" என்று கேட்டார். சபை, அறிவித்தல் பொறுப்பு யாரிடம் இருப்பது என்பதை அடுத்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து தீர்மானிப்போம் என்று எழுதிக்கொண்டது. சபைத் தலைவர் இப்றாஹிம் போடியார். சம்மாந்துறைப் பக்கம் எத்தனையோ ஏக்கர் வயல்களுக்குச் சொந்தக்காரர். அவர் அன்று தூங்கிக்கொண்டிருந்ததாகச் சிலரும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டதாகச் சிலரும் சொன்னார்கள்.

சீனிமுகம்மதுவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கூலி போய்விடும் என்ற பயம் அல்ல. அறிவித்தலுக்கு அவர் யாரிடமும் கேட்டு வாங்குவதில்லை, கொடுப்பதை மறுப்பதுமில்லை. முப்பத்துநான்கு வருடமாக ஊரின் கடைசிச் சொல் அவருடையதாக இருந்தது. அதை ரோஜாப் பூப் படம் போடும் ஒரு பொடியனிடம் விட்டுவிட்டு மார்க்கற்றில் எப்படி நடப்பது?

அவர் மகளைக் கூப்பிட்டார். "மருமகனுக்கு இந்தப் போன் விசயமெல்லாம் தெரியும்தானே? நாங்க ரெண்டு பேரும் சேந்து செய்வமா எண்டு கேளு."

றிம்சான் வாசலில் நின்றார். "ஓம் எண்டு சொல்லு," என்றார்.

இப்படியாக முதியவரும் இளையவரும் கைகோத்தார்கள். ஏற்பாடு இதுதான்: றிம்சான் முன்னால் வண்டி ஓட்டுவார், மாமனார் பின் ஆசனத்தில் ஒலிவாங்கியோடு இருப்பார். ஒலிபெருக்கி போகும் அதே நேரத்தில் அதே வாசகம் அவர்களுடைய முகநூல் பக்கத்திலும் வட்ஸ்அப் குழுக்களிலும் போகும். இரண்டு ஆசனங்களுக்கும் நடுவில் ஓர் இரும்புக் கம்பி. சீனிமுகம்மது அதில் ஒரு தட்டுத் தட்டினால் வண்டி போகும்; இரண்டு தட்டினால் நிற்கும். நேரடியாகப் பரிமாறப்பட்டவை இந்த இரண்டு செய்திகள் மட்டுமே. மற்றவை எல்லாம் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும் றுக்ஸானாவின் தொலைபேசி வழியாகச் சென்றன.

முன் ஆசனத்திலிருந்து: "றுக்ஸா, மாமாக்கிட்டக் கேளு, கடற்கரை றோட்டால போறதா மெயின் றோட்டால போறதா எண்டு."

பின் ஆசனத்துத் தொலைபேசி அடிக்கும். "வாப்பா, அவர் கேக்கார், கடற்கரை றோட்டா மெயின் றோட்டா?"

"மெயின் றோட்டால போகச் சொல்லு மகள். கடற்கரைப் பக்கம் காத்து. சத்தம் கடலுக்குப் போயிரும்."

முன் ஆசனத்துத் தொலைபேசி அடிக்கும். றிம்சான் அதை எடுத்து, மூன்றடிக்குப் பின்னால் உரத்த குரலில் ஏற்கெனவே கேட்டுவிட்ட பதிலை, முதன்முறை கேட்பவரைப் போல மரியாதையோடு இன்னொரு முறை கேட்பார்.

ஆனாலும் இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். இதை மறுத்தால் பாவம். மருமகனிடமிருந்து மாமனார் கற்றது வேகம். "முந்திப் போட்டவன்ட அறிவித்தல்தான் அறிவித்தல். பிந்திப் போட்டவன் கொப்பி அடிச்சவன்," என்று றிம்சான் றுக்ஸானாவிடம் சொல்ல, றுக்ஸானா வாப்பாவிடம் சொன்னாள். சீனிமுகம்மது அதைக் கலிமாவைப் போலப் பாடமாக்கினார். அறுபத்திரண்டு வயதில் விரலால் தொலைபேசியைத் தடவவும், வாசகத்தை முன்கூட்டியே எழுதி வைக்கவும், நேரம் வந்ததும் ஒரே அழுத்தில் ஊருக்கெல்லாம் அனுப்பவும் பழகிக்கொண்டார். மாமனாரிடமிருந்து மருமகன் கற்றது கண்ணியம். "தொடங்கின அறிவித்தல நடுவுல அறுக்கப்படாது. மௌத்தான ஆளுக்கு அது பெரிய மரியாதக் கேடு. வானம் இடிஞ்சி விழுந்தாலும் கடைசிப் பேரு வர மட்டும் வாசிச்சி முடிக்கணும்," என்ற விதியும் அதே பாதையால் வந்து சேர்ந்தது. கட்டாரில் எவ்வளவோ விதிகளைக் கண்ட றிம்சான், இதைப்போல உயர்ந்த விதியைக் கண்டதில்லை என்று றுக்ஸானாவிடம் சொன்னார். மாமனாருக்குப் போய்ச் சேரட்டும் என்பதற்காகத்தான் சொன்னார்.

வாசகத்தை முன்கூட்டி எழுதுவதென்றால், மௌத்தாகப் போகிறவர்கள் யார் என்று முன்கூட்டித் தெரிய வேண்டும். சீனிமுகம்மது நோய் விசாரிக்கத் தொடங்கினார். நோயாளியைப் பார்க்கப் போவது நன்மையான காரியம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு பையில் நாலு அப்பிளோடு போவார். கட்டிலருகே இருந்து துஆக் கேட்பார். பிறகு தலைமாட்டில் நிற்கும் மகனிடம் மெதுவாக, "ஒங்கட கடைசி மாமி சாய்ந்தமருதிலயா இரிக்கா? அவட மாப்பிள்ளைட முழுப் பேரு என்ன மனே?" என்று விசாரிப்பார். சில மாதங்களில் ஊர் இதைக் கண்டுபிடித்துவிட்டது. சீனிமுகம்மது அப்பிள் பையோடு வாசலில் தெரிந்தால், மூன்று நாளாக எழும்பாத நோயாளிகள் எழும்பி உட்கார்ந்தார்கள். ஒரு கிழவி, "எனக்கு ஒண்டுமில்ல மகன், வெறும் வாயுக் குத்து," என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்கு நடந்தே போய்விட்டாள். வைத்தியர்களால் முடியாததை ஒரு பை அப்பிள் சாதித்ததைச் சீனிமுகம்மது தன் துஆவின் பலன் என்று நினைத்தார்.

2023இன் தொடக்கத்தில் சம்மாந்துறையில் ஓர் இளைஞர் அமைப்பு, தலைமுறைகள் இணைந்து உழைப்பது பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தி, மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரு கண்ணாடிச் சின்னம் கொடுத்தது. மேடையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சீனிமுகம்மது ஒலிவாங்கியைப் பிடித்து, "என் மருமகன் எனக்குப் புதிய உலகத்தைத் திறந்து காட்டினார் என்பதை யாராவது அவருக்குத் தெரியப்படுத்துங்கள்," என்று மேடைத் தமிழில் சொன்னார். சபை அதை நகைச்சுவை என்று எடுத்துக் கைதட்டியது. றுக்ஸானா கைதட்டவில்லை.

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு கிழமைக்கு முன் இப்றாஹிம் போடியார் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். வயது தொண்ணூறு. அறிவித்தல் பொறுப்பைத் தீர்மானிக்க இருந்த சபையின் தலைவர் அவர். அதைவிட, ஒலுவில் தொடக்கம் மருதமுனைவரை அவருக்குச் சொந்தக்காரர்கள். அவருடைய மௌத்தை யார் அறிவிக்கிறாரோ, ஊரின் அறிவித்தல்காரர் அவர்தான்; சபை கூடவே தேவையில்லை. இதைச் சீனிமுகம்மது எண்ணினார். மிஹ்லாரும் எண்ணினான். போன மாதம்தான் ஓர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரின் மௌத்தை மிஹ்லார் கால் மணித்தியாலம் முந்திப் போட்டு, "முதலில் தந்தது நாமே" என்று எழுதியிருந்தான்.

சீனிமுகம்மது இருமுறை அப்பிளோடு போனார். இரண்டு முறையும் போடியாரின் மகன் பஸால் வாசலிலேயே நின்று பையை வாங்கிக்கொண்டு, "வாப்பா தூங்குறார்," என்று அனுப்பிவிட்டார். உறவு வரிசையைச் சீனிமுகம்மது ஞாபகத்திலிருந்தே எழுதினார். முப்பத்தேழு பெயர்கள். பிழையிருக்காது, பிழை அவரிடம் இருந்ததே இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, குடும்பம் கேட்டுக்கொண்டபடி போடியார் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றால் என்ன பொருள் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே யாஸீன் ஓதும் சத்தம் கேட்டது. தெரு முனையில் வண்டி நின்றது. முன்னால் றிம்சான்; மௌத்தானதும் முதலில் அவருக்குத் தொலைபேசியில் சொல்வதாகப் பஸால் ஒப்புக்கொண்டிருந்தார். பின்னால் ஒலிவாங்கியோடு சீனிமுகம்மது. மறு முனையில் மதிலில் சாய்ந்து மிஹ்லார் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மகள், அவர்க்கிட்டக் கேளு, ஏதாச்சும் செய்தி வந்ததா எண்டு."

"இல்லையாம் வாப்பா."

"மகள், அவர்க்கிட்டச் சொல்லு, மிஹ்லார் சிரிக்கான். அவனுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு."

"அவருக்கும் தெரியுதாம் வாப்பா."

"மகள், பெற்றோல் போதுமா எண்டு கேளு."

அன்று காலை இது றுக்ஸானாவுக்கு வந்த எத்தனையாவது அழைப்பு என்பதை அவள் எண்ணவில்லை. அடுப்பில் கறி அடிப்பிடித்துவிட்டது. அதை மட்டும் அவள் கண்டாள்.

"வாப்பா," என்றாள். "ஒங்களுக்கு முன்னுக்கு இரிக்கிறவர்ட முதுகு தெரியுதா?"

"தெரியுது."

"அந்த முதுகுல தட்டிக் கேளுங்க. எனக்கு இனி ஏலா. நான் புள்ளயா, டெலிபோன் கம்பியா?"

அவள் தொலைபேசியை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டு மூடியும் விட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் போடியார் வீட்டிலிருந்து பெண்களின் ஓலம் எழுந்தது. மறு முனையில் மிஹ்லார் மதிலை விட்டு நிமிர்ந்தான். விரல் திரைக்குப் போனது. சீனிமுகம்மதுவுக்குக் கேட்க ஆள் இல்லை. முதுகில் தட்டுவதா? அவருடைய வாப்பா இருபத்தெட்டு வருடம் காத்த மானத்தை ஒரு தட்டில் இழப்பதா? முந்திப் போட்டவன்ட அறிவித்தல்தான் அறிவித்தல். அவர் விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். வாசகம் ஊருக்கெல்லாம் போனது. கம்பியில் ஒரு தட்டுத் தட்டினார். ஒலிவாங்கியை எடுத்துக் கண்களை மூடிக்கொண்டார்.

"இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி றாஜிஊன்…"

அதே கணம் முன் ஆசனத்துத் தொலைபேசி அடித்தது. பஸால்.

"றிம்சான், பொண்டுகள் அழுறாங்க எண்டு அவசரப்படாத. வாப்பா கண்ண முழிச்சிட்டார். எழும்பி இருந்து பொரிச்ச மீன் கேக்கார். அந்தச் சந்தோசத்துலதான் உம்மா அழுறா."

றிம்சான் மனைவிக்கு அழைத்தார். அணைக்கப்பட்டிருந்தது. மறுபடியும் அழைத்தார். திரும்பிப் பார்த்தார். மாமனார் கண்ணை மூடி, போடியாரின் பிறப்பிலிருந்து பெயர்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். றிம்சான் இருமினார். மாமனாரின் குரல் இன்னும் கனத்தது. 'மாமா' என்று கூப்பிட நாக்கு எழும்பவில்லை. மூன்று வருடத்தில் அந்தச் சொல்லை அவருடைய முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அதோடு அறிவித்தல் தொடங்கிவிட்டது. தொடங்கினதை நடுவில் அறுக்கக் கூடாது. வானம் இடிந்து விழுந்தாலும். வானம் இடிந்து விழவில்லை. ஒரு மனிதன் உயிரோடிருந்தான், அவ்வளவுதான். ஒரு தட்டு என்றால் போக வேண்டும். றிம்சான் போனார்.

உயிரோடிருக்கும் ஒருவரின் மௌத்தை, உயிரோடிருக்கிறார் என்று தெரிந்த ஒருவர், மரியாதையின் காரணமாக ஐந்து தெருக்களில் ஓட்டிச் சென்றார். கடைகள் பாதிக் கதவை மூடின. பள்ளிவாசலில் கபுறு தோண்டும் ஆட்கள் மண்வெட்டியோடு புறப்பட்டார்கள். மிஹ்லார் வாசகத்தை அப்படியே எடுத்து, ரோஜாப் பூவும் சேர்த்துத் தன் பக்கத்தில் போட்டான்.

மார்க்கற் சந்தியில்தான் றிம்சானுக்கு வழி தெரிந்தது. அங்கே மீன் வியாபாரி சாலிஹ் சைக்கிளோடு நின்றார். றிம்சான் வண்டியை நிறுத்தினார்.

"காக்கா, பின்னுக்கு இரிக்கிற மாமாக்கிட்டச் சொல்லுங்க, போடியார் மௌத்தாகல்ல எண்டு."

சாலிஹ் அவரைப் பார்த்தார். பின் ஆசனத்தைப் பார்த்தார். இருந்தாலும் இரண்டடி நடந்து பின்னால் போனார்.

"சீனிக் காக்கா, போடியார் மௌத்தாகல்லயாம்."

சீனிமுகம்மது கண்ணைத் திறந்தார். முப்பத்தோராவது பெயரில் நின்றது குரல். "யார் சொன்ன?"

சாலிஹ் முன்னால் வந்தார். "யார் சொன்ன எண்டு கேக்கார்."

"பஸால் காக்கா சொன்ன."

சாலிஹ் பின்னால் போனார். "பஸால் சொன்னாராம்."

"எப்ப சொன்ன?"

சாலிஹ் முன்னால் வந்தார். "எப்ப சொன்ன எண்டு கேக்கார். இந்தாப்பா, மீன் வெயில்ல கிடக்கு. நீங்க ரெண்டு பேரும் காசு தந்தாலும் இந்த வேல எனக்கு வேணாம்."

"நாங்க வெளிக்கிடக்குள்ளயே சொன்ன," என்றார் றிம்சான், சாலிஹைப் பார்த்து.

ஒலிவாங்கி அணைக்கப்பட்டிருக்கவில்லை. இந்த உரையாடல் முழுவதையும் மார்க்கற் கேட்டது.

அறிவித்தல் அதற்கு முன்பே காற்றோடு போடியார் வீட்டுக்கும் போயிருந்தது. முதல் தெருவில் வாசித்தது அவருடைய யன்னலுக்கு நேரே. பொரித்த மீனைக் கையில் பிடித்தபடி போடியார் தன் மௌத்தைக் கேட்டார். பஸால் கொதித்துக்கொண்டு எழும்பப் போனபோது கையைக் காட்டி நிறுத்தினார். "இரு. பேரு வாசிக்கான்."

அன்று பகல் முழுவதும் பேரப்பிள்ளை ஒருவன் முகநூலைத் திறந்து வாசித்தான். போடியார் படுத்துக்கொண்டு கேட்டார். நானூறு பேர் துஆச் செய்திருந்தார்கள். ஒரு முன்னாள் பிரதேச சபை உறுப்பினர் போடியாரோடு நிற்கும் பழைய படத்தைப் போட்டு, 'என்னை வளர்த்த கை' என்று எழுதியிருந்தார். போடியார் அவருக்கு ஒருநாளும் வாக்குப் போட்டதில்லை. காரைதீவுப் பக்கம் வயல் குத்தகைக்கு எடுத்தவர்கள் வண்டி பிடித்து வந்து வாசலில் நின்றார்கள். நிந்தவூரில் இருக்கும் சொந்தத் தம்பி மட்டும் வரவில்லை, எழுதவுமில்லை. போடியார் இந்தக் கடைசி விசயத்தை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். தோண்டிய கபுறு வீணாகவில்லை. மறுநாள் ஓர் ஓய்வுபெற்ற தபால்காரருக்கு உதவியது. அவருடைய அறிவித்தலை மிஹ்லார்தான் போட்டான்.

சீனிமுகம்மது மூன்று நாள் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. ஊர் அவருக்கு அப்பிள் அனுப்பியது. யார் அனுப்பினார்கள் என்று தெரியவில்லை. ஐந்து பைகள் வந்தன.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நிர்வாக சபை பெருநாள்வரை காத்திராமல் கூடியது. போடியாரை ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் வைத்து இரண்டு பேரன்மார் தூக்கிவந்தார்கள். மாமனும் மருமகனும் சபைக்கு முன்னால், நடுவில் ஓர் ஆள் இருக்கும் அளவு இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

போடியார் மருமகனைப் பார்த்தார். "நான் உசிரோட இரிக்கன் எண்டு தெரிஞ்சும் ஏன் மனே நிப்பாட்டல்ல?"

"மாமா படிச்சித் தந்த, போடியார். தொடங்கினா நடுவுல அறுக்கப்படாது எண்டு."

போடியார் மாமனைப் பார்த்தார். "நீ ஏன் சீனி, வீட்டு ஆக்கள்ட வாய்ல வரும் மட்டும் பாத்துக்கிட்டு இருக்கல்ல?"

"மருமகன் படிச்சித் தந்த, போடியார். முந்திப் போடணும் எண்டு."

"ரெண்டு பேரும் நல்லாத்தான் படிச்சிரிக்கீங்க," என்றார் போடியார்.

சபையில் யாரோ சிரித்தார்கள். இனிமேல் வண்டியும் வேண்டாம், சீனிமுகம்மதுவும் வேண்டாம், மிஹ்லாரிடம் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். சீனிமுகம்மது தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தைந்து வருடம் ஊர் மூடிய பாதிக் கதவுகள் எல்லாம் ஒன்றாகத் திறந்ததுபோல் இருந்தது அவருக்கு.

"பொறுங்க," என்றார் போடியார். "தான் மௌத்தானா யாரு வருவான், யாரு வரமாட்டான் எண்டு இந்த ஊர்ல எனக்கு மட்டும்தான் தெரியும். அத எனக்குக் காட்டித் தந்தவன் இவன். வாசிப்பும் நல்லாத்தான் இருந்த. ஆனா சீனி, என்ட மூத்த மருமகன்ட பேர ரெண்டாவதாப் போட்டுட்டாய்."

சீனிமுகம்மது நிமிர்ந்தார். மௌத்தாகாத ஆளை மௌத்தாக்கியதைவிட இது அவரைத் தாக்கியது. "பிழைதான் போடியார்," என்றார்.

"ஓம், பிழைதான். அந்தப் பிழையோட நான் போக ஏலா. ஆனபடியா என்ட மௌத்த நீதான் திரும்ப அறிவிக்கணும், சரியா, முறையா. அது நடக்கும் மட்டும் இவன நிப்பாட்டக்கூடாது. எழுதிக்கங்க."

"அது எப்ப மட்டும், போடியார்?" என்று முன்மொழிந்தவர் கேட்டார்.

"அது என்ட கையிலயா இரிக்கி?" போடியார் அவரை ஒரு பார்வை பார்த்தார். "இன்னொரு விசயம். இந்த ரெண்டு பேரும் வாயத் தொறந்து கதைக்கணும். இஞ்சயே. இப்பவே. சாலிஹுக்கு மீன் விக்கிற வேல இரிக்கி."

சீனிமுகம்மது தன் முழங்காலைப் பார்த்தார். றிம்சான் மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் ஊரின் கனத்த குரல், யாருக்கும் கேட்காத அளவில், "மருமகன்… சாப்பிட்டீங்களா?" என்றது.

"ஓம், மாமா."

வேறொன்றும் இருக்கவில்லை. சபை கலைந்தது.

செய்தியை ஆயிஷா உம்மா கொண்டுவந்தபோது றுக்ஸானா அரிசிப் பானையிலிருந்து தொலைபேசியை எடுத்துத் துடைத்தாள். அவளுடைய நிம்மதி ஒரு கிழமைதான் நீடித்தது. மூன்று வருடம் அடக்கி வைத்தவை எல்லாம் இருவருக்கும் ஒன்றாக வந்தன. இப்போது வண்டி தெருவில் போகும்போது, ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையில் ஊர் இதையும் கேட்கிறது: "இடப் பக்கம் திரும்பச் சொன்னதானே, மருமகன்!" "அது வன் வே, மாமா, எத்தின தரம் சொல்ற!" பிறகு கனத்த குரலில் சம்பந்தியின் பெயர்.

சீனிமுகம்மதுவின் வேலை போடியாரின் உயிரில் தொங்குகிறது. ஐவேளைத் தொழுகையிலும் அவருடைய நீண்ட ஆயுளுக்கு துஆக் கேட்கும் ஒரே ஆள், அவருடைய பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தாலும், சீனிமுகம்மதுதான். இரத்தத்தில் சீனி கூடுகிறதா, அழுத்தம் என்ன என்று தினமும் பஸாலிடம் விசாரிக்கிறார். போடியார் ஊரின் எல்லா ஜனாஸாக்களுக்கும் கதிரையில் வந்து முன்வரிசையில் இருக்கிறார். புதிய பேரன் கலியாணம் முடித்தால் உடனே ஆள் அனுப்பி, "வரிசையில சேத்துக்கச் சொல்லு," என்கிறார். நிந்தவூர்த் தம்பியின் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார். வாசகத்தில் இப்போது ஐம்பத்தொரு பெயர்கள்.

போன மழைக்குச் சீனிமுகம்மதுவுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் றிம்சான் பின்னறைக்கு வந்தார். கையில் ஒரு பை. கட்டிலருகே உட்கார்ந்து, மாமனாரின் காலைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டார். துஆக் கேட்டார். பிறகு மெதுவாக, கற்றுக்கொடுக்கப்பட்ட அதே கண்ணியத்தோடு கேட்டார்.

"மாமா, ஒங்கட கடைசித் தங்கச்சிட மாப்பிள்ளைட முழுப் பேரு என்ன?"

சீனிமுகம்மது பையைப் பார்த்தார். நாலு அப்பிள். எழும்பி உட்கார்ந்தார். அடுப்படிக்கு நடந்து போனார். அன்று காய்ச்சல் விட்டது.

இப்றாஹிம் போடியாருக்கு இவ்வருடம் வயது தொண்ணூற்றிரண்டு. சீனிமுகம்மதுவுக்கு அறுபத்தைந்து.